புரதம் பிரிக்கும் லேபில் ப்ராஜெக்ட் இடம் பிடிப்பது எப்படி: பட்ட பிறகு எழுதும் வழிகாட்டி

பன்னிரண்டு பேர் ஒரு மேசையைச் சுற்றி நின்றோம். நடுவில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய். பயிற்றுநர் மேலே ஒரு திரவத்தை ஊற்றினார், கீழே சொட்டுச் சொட்டாக விழுந்தது. "இதுதான் குரோமட்டோகிராபி" என்றார். பத்து நாள் பயிற்சிக்கு ₹8,000 கட்டியிருந்தேன். பத்து நாளில் பைப்பெட் என் கைக்கு வந்தது மூன்றே முறை. கடைசி நாள் கொடுத்த சான்றிதழில் மட்டும் 'செய்முறைப் பயிற்சி' என்று தங்க எழுத்து மின்னியது.

அடுத்த வருடம் எம்எஸ்சி கடைசி செமஸ்டரில் ஒரு பல்கலைக்கழக லேபில் ஐந்து மாதம் உட்கார்ந்தேன். அங்கேதான் வேலை கற்றேன். அந்த இடத்தைப் பிடிக்க நான் அலைந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எம்எஸ்சி பயோடெக், பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, பிடெக் பயோடெக் கடைசி வருடத்தில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது.

ஒரு சொல் விளக்கம். லேபில் யாராவது "காலம் ரெடியா?" என்று கேட்டால் அவர் மணி கேட்கவில்லை. புரதத்தைப் பிரிக்கும் அந்தக் குழாயைத்தான் எல்லோரும் காலம் என்கிறார்கள். இந்தக் கட்டுரையிலும் காலம் என்றால் அந்தக் குழாய்தான்.

1. பயிற்சியா, ப்ராஜெக்டா, சம்பள வேலையா?

மூன்றும் வேறு வேறு. பத்து நாள், ஒரு மாதப் பயிற்சிக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டும். கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட் நாலிலிருந்து ஆறு மாதம். சில இடங்களில் இலவசம், சில இடங்களில் பெஞ்ச் கட்டணம், அதாவது லேபைப் பயன்படுத்தக் கட்டும் பணம், உண்டு. நிதி வந்திருக்கும் ஆராய்ச்சித் திட்டத்தில் உதவியாளராகவோ ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சியாளர்) ஆகவோ சேர்ந்தால் அவர்கள் உங்களுக்குப் பணம் தருவார்கள். ஆனால் அதற்குப் படிப்பு முடிந்திருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் குறுகிய பயிற்சியை விட்டுவிடுங்கள். ப்ராஜெக்டுக்கு முயற்சி செய்யுங்கள். புரதம் பிரிப்பது முதல் தடவையே சரியாக வருகிற வேலை இல்லை. முதல் முறை தோற்று, இரண்டாம் முறை பாதி வந்து, மூன்றாம் முறை ஏன் வந்தது என்று புரிவதற்குள் ஆறு வாரம் ஓடிவிடும். பத்து நாளில் அடுத்தவர் செய்வதைப் பார்க்க மட்டும்தான் முடியும்.

வீட்டுச் சூழ்நிலையால் ஆறு மாதம் வெளியூரில் இருக்க முடியாது என்றால் ஒன்று செய்யலாம். இந்திய அறிவியல் அகாதமிகள் மூன்றும் சேர்ந்து கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகை ஒன்றை நடத்துகின்றன. இரண்டு மாதம், உதவித்தொகையோடு. விண்ணப்பம் முந்தைய வருடம் நவம்பர் வாக்கிலேயே முடிந்துவிடும். கோடையில் வருவதுதானே என்று ஏப்ரலில் தேடி ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.

2. லேபைத் தேடுவதற்கு முன்பே கணினிப் பக்கத்தைக் கற்றுக்கொள்ளுங்கள்

எல்லோரும் இதைக் கடைசியில் செய்கிறார்கள், அல்லது 'அது பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ்காரர்கள் வேலை' என்று தொடுவதே இல்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் ஒரு காலத்தைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை திரையிலேயே முடிந்துவிடும். இதற்கு ஒரு பைசா செலவில்லை. எட்டு ஜிபி ராம் உள்ள சாதாரண லேப்டாப் போதும்.

கோழி முட்டை வெள்ளைக்கருவில் லைசோசைம் என்ற என்சைம் இருக்கிறது. அதையே எடுத்துக்கொண்டு இன்றிரவு உட்காருங்கள். புரத வரிசைகளின் தரவுத்தளமான யூனிபுரோட் தளத்தில் அதன் எண் பி00698. திறந்தால் 147 அமினோ அமிலங்கள் கொண்ட வரிசை வரும். அதை அப்படியே எடுத்து புரதத்தின் எடை, பிஐ போன்றவற்றைக் கணக்கிடும் எக்ஸ்பாசி தளத்தின் புரோட்பாரம் கருவியில் ஒட்டிவிடாதீர்கள். முதல் 18 அமினோ அமிலங்கள் சிக்னல் பெப்டைட். புரதம் செல்லைவிட்டு வெளியேறும்போது வெட்டுப்பட்டுவிடும். முட்டையில் இருக்கும் லைசோசைமுக்கு 129தான். அந்த 129-ஐ மட்டும் கொடுத்தால் எடை சுமார் 14.3 கிலோ டால்டன் என்றும், பிஐ (புரதத்தின் மொத்த மின்னூட்டம் பூஜ்யமாகும் பிஹெச்) ஒன்பதுக்கு மேல் என்றும் காட்டும். சோதனையில் அளந்தால் பிஐ பதினொன்றை ஒட்டி வரும்.

இதை வைத்து என்ன செய்வது? பிஹெச் பிஐயைவிடக் குறைவாக இருந்தால் புரதத்துக்கு நேர் மின்னூட்டம், கூடுதலாக இருந்தால் எதிர். அதனால் பிஹெச் 8 உள்ள பஃபரில் (பிஹெச்சை நிலையாக வைக்கும் கரைசல்) லைசோசைமுக்கு நேர் மின்னூட்டம் இருக்கும். வெள்ளைக்கருவில் பாதிக்கு மேல் இருக்கும் ஓவால்புமினின் பிஐ நாலரையை ஒட்டி இருப்பதால், அதே பஃபரில் அதற்கு எதிர் மின்னூட்டம். ஆக, எதிர் மின்னூட்டம் கொண்ட கேட்டயான் எக்ஸ்சேஞ்ச் காலத்தில் ஊற்றினால் லைசோசைம் ஒட்டிக்கொள்ளும், ஓவால்புமின் கீழே ஓடிவிடும். அப்புறம் உப்பின் அளவைக் கூட்டினால் லைசோசைம் இறங்கிவரும். எந்தக் காலம், எந்த பிஹெச் என்பதைச் சோதனைக்குழாயைத் தொடாமலே முடிவு செய்தாயிற்று. நேர்முகத்தில் ஒரு பேராசிரியரிடம் இந்த ஒரு உதாரணத்தைத் தாளில் வரைந்து சொன்னேன். அதற்குப் பிறகு அவர் என் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்கவே இல்லை.

ஆறு வாரத்தில் கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: என்சிபிஐ தளத்தில் பிளாஸ்ட் (ஒத்த வரிசைகளைத் தேடும் கருவி) ஓட்டி முடிவைப் படிக்கத் தெரிவது, யூனிபுரோட், பிடிபி (சோதனையில் கண்ட புரதக் கட்டமைப்புகள்), ஆல்ஃபாஃபோல்ட் தரவுத்தளம் (கணினி கணித்த கட்டமைப்புகள்), கைமெராஎக்ஸ் அல்லது பைமாலில் ஒரு கட்டமைப்பைத் திறந்து சுழற்றிப் பார்ப்பது, கொஞ்சம் பைத்தான். பைத்தானில் பெரிதாக எதுவும் வேண்டாம். நூறு வரிசைகள் உள்ள ஒரு ஃபாஸ்டா கோப்பைப் படித்து ஒவ்வொன்றின் நீளத்தையும் எடையையும் அட்டவணையாகக் கொடுக்கத் தெரிந்தால் போதும், லேபில் உங்களைத் தேடி வருவார்கள்.

ஐஐடிகளின் என்பிடெல் இணையப் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக்கு ₹1,000. ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். இதற்கென்று ₹15,000, ₹20,000 வாங்கும் 'இன்டர்ன்ஷிப்' விளம்பரங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. அவற்றில் சொல்லித்தருவதில் பெரும்பகுதி மேலே சொன்ன இலவசக் கருவிகள்தான்.

3. லேபைத் தேர்ந்தெடுப்பது

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இடத்துக்குப் பஞ்சமில்லை. வேலூர் விஐடியில் உயிர்ப்பிரிப்புத் தொழில்நுட்பத்துக்கென்றே தனி மையம் இருக்கிறது. கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உயிர்த்தொழில்நுட்ப மையம், ஐஐடி மெட்ராஸின் பயோடெக்னாலஜி துறை, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் உயிர்த்தொழில்நுட்பத் துறை எல்லாம் தெரிந்த பெயர்கள். பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் பக்கம் சாய்வு அதிகம் என்றால் காரைக்குடி அழகப்பா, கோவை பாரதியார், புதுச்சேரிப் பல்கலைக்கழகங்களில் அதற்கான துறைகள் உண்டு. புரதக் கட்டமைப்பு என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் படிகவியல், உயிர் இயற்பியல் துறை. கொஞ்சம் தள்ளிப் போகலாம் என்றால் மைசூரு சிஎஃப்டிஆர்ஐ, உணவு சார்ந்த என்சைம்களுக்கு.

ஆனால் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். உங்களுக்கு வேண்டியது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு லேப். அதைக் கண்டுபிடிக்க மூன்று சோதனைகள் வைத்திருக்கிறேன்.

பேராசிரியரின் கடைசி மூன்று வருடக் கட்டுரைகளைத் தேடுங்கள். சுருக்கத்தை விடுங்கள், செய்முறைப் பகுதியைப் படியுங்கள். எந்தக் காலம், எந்தக் கருவி என்று அங்கேதான் இருக்கும். எல்லாக் கட்டுரையிலும் 'புரதம் வாங்கப்பட்டது' என்றே இருந்தால் அங்கே புரதம் பிரிப்பதில்லை.

இப்போது நிதியுள்ள திட்டம் ஓடுகிறதா என்று பாருங்கள். நிதி இல்லாத லேபில் ரெசின் (காலத்துக்குள் நிரப்பும் மணிகள்) தீர்ந்தால் வாங்க மூன்று மாதம் ஆகும். உங்கள் ப்ராஜெக்டே ஐந்து மாதம்தான்.

கடைசியாக, அங்கே இருக்கும் ஒரு ஸ்காலரிடம் பேசுங்கள். "அண்ணா, காலம் கடைசியாக எப்போது ஓட்டினீர்கள்?" என்று கேளுங்கள். "போன வாரம்" என்றால் சரி. "சிஸ்டம் சர்வீஸுக்குப் போயிருக்கு" என்றால் எப்போது திரும்பும் என்று கேளுங்கள். பதிலுக்குச் சிரித்தால் வேறு லேபைப் பாருங்கள்.

4. மின்னஞ்சல் எழுதுவது

ஜனவரியில் சேர வேண்டுமானால் ஆகஸ்ட் கடைசியில் எழுதத் தொடங்குங்கள். அக்டோபருக்குள் உறுதியாகிவிட வேண்டும். நவம்பர் வந்தால் செமஸ்டர் தேர்வு, டிசம்பரில் பாதிப் பேர் விடுமுறை. நான் நவம்பரில் தொடங்கி 23 பேருக்கு எழுதினேன். நாலு பதில். அதில் மூன்று, "இடம் முடிந்துவிட்டது, முன்பே எழுதியிருக்கலாம்".

ஒரே மின்னஞ்சலை முப்பது பேருக்கு ஒன்றாக அனுப்பாதீர்கள். பெறுநர் பட்டியலில் எல்லார் பெயரும் தெரிய அனுப்பிய ஒரு நண்பனுக்கு ஒருவர்கூடப் பதில் போடவில்லை. ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுங்கள். பத்து வரிக்கு மேல் வேண்டாம். நீங்கள் யார், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வர முடியும், அவருடைய எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள், அதில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வி. அந்தக் கேள்விதான் முக்கியம். 'உங்கள் ஆராய்ச்சி என்னை மிகவும் கவர்ந்தது' என்ற வரியைத் தினமும் பத்து முறை படிக்கிறவர்கள் அவர்கள்.

பத்து நாளில் பதில் வராவிட்டால் அதே மின்னஞ்சலின் கீழேயே ஒரு வரி நினைவூட்டல் போடுங்கள். அதற்கும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். பக்கத்து ஊர் என்றால் நேரில் போகலாம், ஆனால் முன்னறிவிப்போடு.

5. ஆவணங்கள்

'சரி, வாங்க' என்று பதில் வந்த அன்றே இதைத் தொடங்குங்கள். கல்லூரி அலுவலகத்தில் ஒரு கையெழுத்துக்கு ஒரு வாரம் என்று கணக்கு வையுங்கள்.

- கல்லூரியிலிருந்து போனஃபைட் சான்றிதழ்
- வெளியில் ப்ராஜெக்ட் செய்யத் தடையில்லை என்று முதல்வரோ துறைத் தலைவரோ தரும் கடிதம். இதில் தொடங்கும் தேதி, முடியும் தேதி இரண்டும் இருக்க வேண்டும்
- பரிந்துரைக் கடிதம் (சில இடங்களில் மட்டும் கேட்பார்கள்)
- பத்தாம் வகுப்பிலிருந்து இதுவரையான மார்க் ஷீட் நகல்கள்
- ஆதார் நகல், கல்லூரி அடையாள அட்டை, பாஸ்போர்ட் அளவுப் படம் எட்டு
- லேப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்படுவதாக உறுதிமொழி. படிவம் அவர்களே தருவார்கள்

இதில் நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் மாட்டும் இடம் இனிஷியல். மார்க் ஷீட்டில் இனிஷியல் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, வங்கிக் கணக்கில் இனிஷியல் முன்னால். நமக்கு மூன்றும் ஒரே ஆள்தான், அவர்களுடைய மென்பொருளுக்கு மூன்று பேர். எனக்கு நுழைவு அட்டை கிடைக்க இதனாலேயே பதினாறு நாள் தாமதமாயிற்று. எல்லா விண்ணப்பத்திலும் மார்க் ஷீட்டில் இருப்பது போலவே, புள்ளி, இடைவெளி உட்பட எழுதுங்கள். வித்தியாசம் இருந்தால் துறைத் தலைவரிடம் 'இருவரும் ஒருவரே' என்று ஒரு கடிதம் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, யாரும் சொல்லாதது. மனித ரத்தம், சீரம் கையாளும் லேப் என்றால் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்ட ஆதாரம் கேட்கலாம். அது மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. ஜனவரியில் சேர்வதற்கு டிசம்பரில் போய் நின்றால் முடியாது. ஆன்டிபாடி பிரிக்கும் லேபுகளில் பலவும் சீரத்திலிருந்துதான் தொடங்குகின்றன, அதனால் கேட்டுவிடுங்கள்.

6. செலவு

ஐந்து மாதத்தில் எனக்கு ஆனதைச் சொல்கிறேன். பெஞ்ச் கட்டணம் ₹10,000, அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி ₹1,800. சாப்பாட்டோடு தங்குமிடம் மாதம் ₹6,500, முன்பணம் ஒரு மாதம். வெள்ளைக் கோட், நோட்டு, பென்டிரைவ், மார்க்கர் எல்லாம் சேர்த்து ₹1,200. தீசிஸ் அச்சு, பைண்டிங் நாலு பிரதி ₹2,400. ஊருக்குப் போய்வந்த பஸ் செலவு தனி. முன்பணத்தைத் திரும்ப வாங்கிவிட்டேன்; அதைக் கழித்தால் ஏறக்குறைய ஐம்பதாயிரம். பெஞ்ச் கட்டணம் வாங்காத அரசுப் பல்கலைக்கழக லேப் கிடைத்திருந்தால் நாற்பதுக்குள் முடிந்திருக்கும்.

பெஞ்ச் கட்டணத்தைக் கட்டும் முன் ஒரே கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: இதில் ரசாயனங்கள் அடங்குமா? அடங்காது என்றால் ஆபத்து. நிக்கல் ரெசின் ஒரு சின்ன பாட்டிலே பல ஆயிரம் ரூபாய். ஜீன் வரிசையறிய, பிரைமர் வாங்க, மாஸ் ஸ்பெக் பார்க்க எல்லாமே வெளியில் அனுப்பிச் செய்கிறவை, ஒவ்வொன்றுக்கும் தனிப் பில். மாணவர் தலையில் அது விழக்கூடாது என்பது என் கருத்து. சில இடங்களில் விழுகிறது.

பணத்தை ரொக்கமாக யாரிடமும் கொடுக்காதீர்கள். பல்கலைக்கழகக் கணக்குக்கு ஆன்லைனில் அல்லது டிடி, ரசீதோடு.

தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் இறுதியாண்டு மாணவர் ப்ராஜெக்டுகளுக்கு நிதி தருகிறது. கல்லூரி வழியாக, வழிகாட்டியின் கையெழுத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். பெரிய தொகை இல்லை, ஆனால் தீசிஸ் முகப்பில் அந்த வரி இருப்பது பின்னால் உதவும்.

7. முதல் மாதம்: எங்கே சறுக்கும்

சேர்ந்த இரண்டாவது வாரம், சீனியர் அக்கா ஒரு நிக்கல் காலத்தை (ஹிஸ்டிடின் வால் சேர்த்த புரதத்தை அதிலுள்ள நிக்கல் பிடித்துக்கொள்ளும்) என்னிடம் ஒப்படைத்தார். வெளிர்நீலமாக, பார்க்கவே அழகாக இருந்தது. பாக்டீரியா செல்களை உடைத்து, புரதம் சிதையாமல் இருக்க ஃப்ரிட்ஜில் இருந்த தடுப்பான் மாத்திரை ஒன்றைக் கரைத்து, வடிகட்டி, காலத்தில் ஏற்றினேன். கால் மணி நேரத்தில் நீலம் மேலிருந்து வெளுக்க ஆரம்பித்தது. அழுக்குப் போகிறது என்று சந்தோஷப்பட்டேன். அக்கா உள்ளே வந்தார், பார்த்தார்.

"என்னடா போட்ட?"

"மாத்திரை மட்டும்தான்க்கா."

"டப்பாவைக் கொண்டுவா."

டப்பாவில் ஈடிடிஏ என்று பொடி எழுத்தில் இருந்தது. அது நிக்கலைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். என் புரதம் பிடித்துக்கொள்ள அங்கே எதுவுமில்லை, எல்லாம் கீழே ஓடியிருந்தது. நல்லவேளை, ஓடியதை நான் கொட்டவில்லை. அன்று மாலை மிச்ச நிக்கலையும் கழுவி எடுத்து, நிக்கல் சல்ஃபேட் ஊற்றி மறுபடி நீலமாக்கி, ஓடியதிலிருந்த ஈடிடிஏவை டயாலிசிஸ் செய்து நீக்கி, மறுநாள் ஏற்றினோம். பாதி கிடைத்தது. அதே மாத்திரை ஈடிடிஏ இல்லாமலும் விற்கிறது. வாங்கும்போது பார்த்து வாங்க வேண்டும்.

எனவே முதல் விதி: வேலை முடிந்து ஜெல் (எந்த டியூபில் எந்தப் புரதம் என்று காட்டும் சோதனை) பார்க்கும் வரை எதையும் சிங்க்கில் ஊற்றாதீர்கள். செல் உடைத்தது, படிந்தது, காலத்தில் ஒட்டாமல் ஓடியது, கழுவியது, இறக்கியது எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து, தேதியும் எண்ணும் எழுதி ஐஸில் வையுங்கள். புரதம் காணாமல் போவதில்லை, நீங்கள் பார்க்காத டியூபில் இருக்கிறது.

மற்ற சறுக்கல்கள் வேகமாக. டிரிஸ் பஃபரின் பிஹெச் வெப்பநிலையோடு மாறும். ஒரு டிகிரி குறைந்தால் சுமார் 0.03 ஏறும். 25 டிகிரியில் 8.0 வைத்துவிட்டுக் குளிர் அறைக்குக் கொண்டுபோனால் அங்கே 8.6 ஆகிவிடும். எந்த வெப்பநிலையில் வேலையோ அங்கேயே பிஹெச் வையுங்கள். பஃபரை 0.45 அல்லது 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடிகட்டாமல், காற்றை நீக்காமல் கருவியில் இணைக்காதீர்கள். குமிழி உள்ளே போனால் அன்றைய நாள் போயிற்று. புரதத்தைப் படியவைக்கும் அம்மோனியம் சல்ஃபேட்டைக் கரண்டியோடு கொட்டாதீர்கள். ஐஸில் வைத்துக் கலக்கிக்கொண்டே சிட்டிகை சிட்டிகையாக, அரை மணி நேரமானாலும் பொறுமையாக, நுரை வராமல்.

280 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் 1 என்றால் மில்லிலிட்டருக்குப் புரதம் ஒரு மில்லிகிராம் என்று ஒரு வாய்பாடு எல்லா லேபிலும் சுற்றுகிறது. நம்பாதீர்கள். லைசோசைம் ஒரு மில்லிகிராம் 2.6 அளவில் காட்டும், மாட்டு ஆல்புமின் 0.67தான். டிரிப்டோஃபான், டைரோசின் இல்லாத புரதம் ஏறக்குறைய எதுவுமே காட்டாது. உங்கள் புரதத்துக்கு எவ்வளவு என்பதைப் புரோட்பாரம் அந்த முதல் நாளே சொல்லியிருக்கும், கீழே உருட்டிப் பார்த்திருந்தால். நிக்கல் காலத்தில் இறக்கப் பயன்படுத்தும் இமிடசோலும் 280-இல் காட்டும் என்பதால் அதே பஃபரை வைத்துத்தான் பூஜ்யம் செய்ய வேண்டும்.

ஒவ்வொரு படியிலும் 80 சதவீதம் மீண்டால் நல்ல வேலை. ஆனால் அப்படி நாலு படி போனால் கடைசியில் கையில் 41 சதவீதம். இன்னும் ஒரு காலம் ஓட்டினால் இன்னும் சுத்தமாகும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். தேவைப்படும் சுத்தம் எவ்வளவு என்று முதலிலேயே கைடிடம் கேட்டு எழுதிவைத்துக்கொண்டு, அங்கே வந்ததும் நிறுத்துங்கள்.

8. கணினி முடிவுகளைப் பாதுகாப்பது

எந்த வரிசையைப் பயன்படுத்தினீர்கள், அதன் எண், எந்தத் தேதியில் இறக்கினீர்கள், கருவியின் பதிப்பு என்ன, இந்த நாலும் லேப் நோட்டில் இருக்க வேண்டும். மே மாதம் தீசிஸ் எழுதும்போது 'ஃபைனல்2_புதுசு' என்ற கோப்பில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் நினைவிருக்காது.

ஆல்ஃபாஃபோல்ட் கொடுக்கும் படம் அழகாக இருக்கும், அதனால் எல்லாம் சரி என்றாகாது. ஒவ்வொரு பகுதிக்கும் நம்பிக்கை மதிப்பெண் இருக்கிறது. 90-க்கு மேல் என்றால் நம்பலாம், 50-க்குக் கீழே ஆரஞ்சு நிறத்தில் நூல் போல அலைவது பெரும்பாலும் நிலையான வடிவமே இல்லாத பகுதி. ஹிஸ்டிடின் வாலை எந்த முனையில் சேர்ப்பது என்று முடிவு செய்ய இதைப் பார்ப்போம். உள்ளே புதைந்திருக்கும் முனையில் சேர்த்தால் காலம் பிடிக்காது.

டாக்கிங் (ஒரு மூலக்கூறு புரதத்தில் எப்படி ஒட்டும் என்ற கணினிக் கணிப்பு) மட்டும் செய்து, மதிப்பெண் மைனஸ் 9 வந்தது, ஆகவே இது மருந்து என்று முடிக்கும் தீசிஸ்கள் நிறைய. நேர்முகத்தில் "அந்த எண்ணை எந்தச் சோதனையோடு ஒப்பிட்டீர்கள்?" என்ற ஒரே கேள்வியில் அது கவிழ்ந்துவிடும். பெஞ்ச் வேலை கொஞ்சமாவது சேருங்கள்.

9. நடுவில் வந்து நிற்கும் தேர்வுகள்

ப்ராஜெக்டில் இருக்கும்போதே இவையும் வரும், தேதியைச் சுவரில் ஒட்டுங்கள். எம்டெக், பிஹெச்டி சேர்க்கைக்கு உதவும் கேட் தேர்வு பிப்ரவரியில். விண்ணப்பம் முந்தைய ஆகஸ்ட், செப்டம்பரில். கட்டணம் சுமார் ₹2,000, பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் பாதி. மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். ஜேஆர்எஃப், உதவிப் பேராசிரியர் தகுதிக்கான சிஎஸ்ஐஆர் நெட் வருடத்துக்கு இருமுறை, ஜூன், டிசம்பர் சுற்றுகள். உயிர்த்தொழில்நுட்பத் துறையின் ஜேஆர்எஃப் வேண்டுமென்றால் பெட் தேர்வு, பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில். தீசிஸ் வேலையோடு நேராக மோதும்.

நெட்டில் ஜேஆர்எஃப் கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் ₹37,000, அப்புறம் ₹42,000, வீட்டு வாடகைப்படி தனி. 2023 ஜனவரியிலிருந்து இந்தத் தொகைதான். பிஹெச்டிக்குக் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு என்பது 2022 யுஜிசி விதி. முதுகலையில் 55 சதவீதம் வேண்டும்.

10. கடைசி மூன்று வாரம்

சான்றிதழைக் கடைசி நாளில் கேட்காதீர்கள். கைடு வெளியூரில் இருப்பார், அல்லது அலுவலக முத்திரை வைத்திருப்பவர் விடுப்பில் இருப்பார். மூன்று வாரம் முன்பே மாதிரியைத் தட்டச்சு செய்து கொடுத்துவிடுங்கள். தேதிகள் தடையில்லாக் கடிதத்தில் இருப்பவையோடு பொருந்த வேண்டும். ஒரு நாள் வித்தியாசத்துக்காக எங்கள் கல்லூரியில் ஒருவரைத் திருப்பி அனுப்பினார்கள்.

தீசிஸை ஒப்புமைச் சோதனைக்குப் போட ஒரு வாரம் ஒதுக்குங்கள். யுஜிசியின் 2018 விதிப்படி பத்து சதவீதம் வரை பிரச்சினை இல்லை. செய்முறைப் பகுதியில்தான் மாட்டுவோம், சீனியரின் தீசிஸிலிருந்து எடுத்த பத்தி அது. உங்கள் நோட்டைப் பார்த்து நீங்களே எழுதினால் தானாகக் குறைந்துவிடும்.

உங்கள் தரவு பின்னால் கட்டுரையாக வந்தால் பெயர் சேருமா என்று கைடிடம் நேராகக் கேளுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். கேட்டுவிட்டு, பேசியதை ஒரு மின்னஞ்சலாகவும் அனுப்பிவையுங்கள். நோட்டு லேபுக்குச் சொந்தம், கொண்டுபோக முடியாது. அனுமதி வாங்கிப் பக்கங்களைப் படம் எடுத்துக்கொள்ளலாம்.

நிலுவையில்லாச் சான்றுக்கு நூலகம், ஹாஸ்டல், லேப் மூன்றிலும் கையெழுத்து வேண்டும். லேப் கையெழுத்துக்கு முன் உங்கள் பெயர் எழுதிய டியூபுகளை மைனஸ் எண்பது ஃப்ரீசரிலிருந்து எடுத்துப் பட்டியல் போட்டு ஒப்படையுங்கள். நீங்கள் ஓட்டிய காலத்தை உப்புக் கரைசலில் ஒருமுறை, வடிகட்டிய நீரில் ஒருமுறை கழுவி, 20 சதவீத எத்தனாலுக்கு மாற்றுங்கள். எத்தனால் கெட்டி என்பதால் ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்து வையுங்கள், இல்லையென்றால் அழுத்தம் எகிறும். இரண்டு முனையும் மூடி, லேபிளில் கடைசியாக என்ன ஏற்றினீர்கள், எந்தத் தேதி என்று எழுதி, குளிர் அறையின் மேல்தட்டில் படுக்கவைத்துவிட்டுக் கிளம்புங்கள். ஜூலையில் அடுத்த பேட்ச்காரர் வந்து அதைத்தான் எடுப்பார்.